புது ஸ்பிரிங் போட்ட பிறகும் பின்சீட் தூக்கிப் போடுகிறதா?

பின்பக்கம் தொய்ந்து, டயரை மூடிக்கொண்டு நின்ற பழைய காருக்குப் புதுப் பட்டை ஸ்பிரிங் போட்டதும் கார் நிமிர்ந்துவிடும். பட்டறையை விட்டு வெளியே வரும்போது பார்க்கவே நிறைவாக இருக்கும். தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) நுழைந்து முதல் மேட்டில் ஏறி இறங்கும்போதுதான் விஷயம் தெரியும். பின்சீட்டில் இருக்கும் அம்மாவின் கை கைப்பிடியைத் தேடும். டட்சன் 120ஒய், கொரோல்லா கேஇ30, மஸ்டா 808, மோரிஸ் மைனர், எம்ஜிபி என்று பின்னால் பட்டை ஸ்பிரிங் வைத்த எந்தக் காரிலும் இந்தக் குறை வரலாம்.

பட்டறையில் இதற்கு மூன்று பதில்கள் கிடைக்கும். "ஓட ஓட இளகிடும்ண்ணே." "இப்ப வர்ற இரும்பே அப்படித்தான்." "ரெண்டு பட்டைய உருவிட்டா சரியாப் போயிடும்." முதல் இரண்டும் தவறு. மூன்றாவது, மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு கடைசியாகத் தொட வேண்டியது.

ஸ்பிரிங்கின் விறைப்பை முடிவு செய்பவை பட்டையின் நீளம், அகலம், கனம், எண்ணிக்கை இவைதான். இரும்பின் ரகம் அதில் சேராது. ஜப்பானிய சப்9 ஆனாலும், ஆங்கிலேயக் கார்களில் வரும் ஈஎன்45 ஆனாலும், ஸ்பிரிங் எஃகு எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுதான் வளைந்து கொடுக்கும். நல்ல எஃகு அதிகச் சுமையைத் தாங்கும், சீக்கிரம் தொய்யாது, உடையாது. ஆனால் மெத்தென்று இருக்காது. அதேபோல, ஓட ஓடக் குறைவது உயரம்தான். முழு அழுத்தம் கொடுத்து முன்கூட்டியே படியவைக்காத புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் 10, 15 மி.மீ. இறங்கும். இறங்கிய பிறகும் விறைப்பு அதேதான். ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று காத்திருப்பதில் பயனில்லை. அந்த ஆறு மாதத்தில் ஸ்பிரிங் முனைகளிலுள்ள ரப்பர் புஷ் கிழிந்துவிடும் என்பதுதான் கூடுதல் நஷ்டம்.

புஷ்ஷிலிருந்தே தொடங்குவோம். கடினமாக ஓடும் கார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். சரிசெய்யப் பெரிய செலவில்லாததும் இதுதான்.

ஸ்பிரிங்கின் முன் கண்ணிலும் (போல்ட் நுழையும் வளையம்) பின்னால் ஷேக்கலிலும் (ஸ்பிரிங் நீள இடம் கொடுத்து ஆடும் இணைப்பு) இருக்கும் ரப்பர் புஷ் சுழலும் பேரிங் அல்ல. போல்ட்டை முறுக்கியதும் நடுவிலுள்ள இரும்புக் குழாய் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கம் ஸ்பிரிங் கண்ணோடு ஒட்டி நிற்கும். ஸ்பிரிங் ஏறி இறங்கும்போது இரண்டுக்கும் நடுவே ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. பட்டறையில் என்ன நடக்கிறது? இரண்டு கால் ஹாய்ஸ்ட்டில் காரைத் தூக்குகிறார்கள். பின் அச்சு கீழே தொங்குகிறது. அந்த நிலையிலேயே காற்றுத் துப்பாக்கியால் எல்லா நட்டையும் இறுக்கிவிட்டுக் காரை இறக்குகிறார்கள். 1,200 மி.மீ. நீள ஸ்பிரிங் ஒன்று தொங்கும் நிலையிலிருந்து 100 மி.மீ. மேலே வந்தால் அதன் கண் ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி திரும்பும். அதாவது கார் சும்மா நிற்கும்போதே நான்கு புஷ்ஷும் அவ்வளவு முறுக்கிக்கொண்டு, காரை மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. உயரம் கூடியதாகத் தெரிவதில் ஒரு பங்கு ஸ்பிரிங்குடையதல்ல, புஷ்ஷினுடையது. ரப்பர் ஏற்கெனவே இழுபட்டிருப்பதால் பெரிய பள்ளத்தில் இன்னும் முறுக்க இடமில்லாமல் கிழியத் தொடங்குகிறது.

சரிசெய்வது எளிது. கார் தன் டயர்களின்மேல், தன் எடையில் நிற்க வேண்டும். அலைன்மெண்ட் பார்க்கும் டயர் கடைகளில் காரை ஓட்டி ஏற்றும் நாலு கால் ஹாய்ஸ்ட் இருக்கும். அதுவே இதற்குப் பொருத்தம். வீட்டில் செய்தால் பின் அச்சுக் குழாய்க்கு அடியில் இரண்டு ஜேக் ஸ்டேண்ட் வைத்து, பின்பக்க எடை முழுவதும் அச்சின்மேல் உட்காரும்படி செய்யலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை போட மறக்கக் கூடாது. முன் கண் போல்ட்டின் நட்டையும் ஷேக்கல் நட்டுகளையும் இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்துங்கள். பூட் (பின்பெட்டி) பக்கத்தைப் பிடித்து நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். சில கார்களில் "டக்" என்று ஒரு சத்தத்தோடு பின்பக்கம் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு மானுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். நைலான் வளையம் வைத்த நட்டை மறுபடி பயன்படுத்த வேண்டாம், புதிது போடுங்கள். ஷேக்கல் தகடுகள் ஸ்பிரிங் கண்ணைப் பக்கவாட்டில் நெருக்கிப் பிடிக்கவும் கூடாது. பிடித்தால் ஷேக்கல் ஆடாது, ஆடாத ஷேக்கலில் ஸ்பிரிங் நீள முடியாது.

பாலியூரிதீன் புஷ் போட்டவர்களுக்கு இந்த முறுக்குச் சிக்கல் இல்லை, அது சுழலும். ஆனால் அதற்குச் சிலிக்கான் கிரீஸ் வேண்டும். அதோடு, சாலையின் பொடி அதிர்வை அது ரப்பர் அளவுக்கு விழுங்காது. குடும்பத்தோடு ஓட்டும் காருக்கு ரப்பர்தான் சரி.

புஷ்ஷைச் சரிசெய்தும் போதவில்லை என்றால், அடுத்து அளவெடுக்க வேண்டும். உணர்வை நம்பிப் பட்டையை உருவுவதைவிட ஒரு மணி நேரம் செலவழித்து அளப்பது மேல். தேவையானவை 20 லிட்டர் தண்ணீர் டிரம் ஐந்து, ஒரு அளவு நாடா, சமதளமான தரை. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் தராசு வேண்டாம். ஐந்தும் சேர்ந்து 100 கிலோ. சக்கரத்தின் நடுப்புள்ளிக்கும் மேலே வீல் ஆர்ச் விளிம்புக்கும் உள்ள உயரத்தை அளக்கவும். தரையிலிருந்து அளந்தால் டயர் நசுங்குவதும் சேர்ந்துவிடும். அப்சார்பரின் கீழ்ப் போல்ட்டை இரண்டு பக்கமும் கழற்றிவிடுங்கள். பூட்டுக்குள் முன்சுவரை ஒட்டி, முடிந்தவரை அச்சுக்கு நேர்மேலே ஒரு டிரம்மை வைத்து அளங்கள், இரண்டாவதை வைத்து அளங்கள், அப்படியே ஐந்து வரை. பிறகு ஒவ்வொன்றாக இறக்கி மறுபடி அளங்கள். நடுவே காரை ஆட்டக் கூடாது, காரின்மேல் சாயக் கூடாது.

கிடைக்கும் எண்கள் இரண்டு விஷயம் சொல்லும். ஒன்று, விறைப்பு. 100 கிலோவை இரண்டு ஸ்பிரிங்கும் பங்கு போட்டால் பக்கத்துக்கு 50 கிலோ, அதாவது 490 நியூட்டன். அதற்கு 29 மி.மீ. இறங்கினால் விறைப்பு மில்லிமீட்டருக்கு 17 நியூட்டன். சிறிய செடானுக்கு இது நல்ல அளவு. 18 மி.மீ. மட்டுமே இறங்கினால் 27 நியூட்டன். அது சுமை வண்டியின் குணம். இரண்டாவது, உராய்வு. ஏற்றும்போது மூன்று டிரம்மில் இருந்த உயரத்தையும் இறக்கும்போது அதே மூன்று டிரம்மில் இருக்கும் உயரத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் 3, 4 மி.மீ.க்குள் இருந்தால் பட்டைகள் நன்றாகச் சறுக்குகின்றன. 10 மி.மீ. வித்தியாசம் என்றால் பட்டைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கின்றன. அந்தக் கவ்வலை மீறும் அளவுக்கு விசை வரும்வரை ஸ்பிரிங் அசையாது. சிறிய ஒட்டுத் தாரிலும் சாக்கடை மூடியிலும் கார் ஸ்பிரிங்கே இல்லாததுபோல ஓடும். வேலை செய்வது டயர் மட்டுமே.

ஓட்டும்போதும் இந்த வேறுபாடு தெரியும். ஜாலான் ஈப்போவில் ஒட்டுப் போட்ட தாரில் நறநறவென்று அதிர்ந்து, தாமான் மேட்டில் மட்டும் சுமாராக ஏறி இறங்கினால் உராய்வு. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி உதைத்தால் கனமான பட்டை. சின்னதில் சுகமாக இருந்து பெரிய பள்ளத்தில் மட்டும் "தட்" என்று இடித்தால் பம்ப் ஸ்டாப் (அச்சு பாடியில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) அல்லது அப்சார்பர் நீளம். மூன்றுக்கும் மருந்து வேறு.

உராய்வுக்கு ஸ்பிரிங்கைக் கழற்றத்தான் வேண்டும். முந்தின இரவே எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். காரைத் தூக்கி, ஸ்பிரிங்கின் முன் கண்ணுக்குச் சற்று முன்னால் பாடியின் உறுதியான இடத்தில் ஜேக் ஸ்டேண்ட். அச்சுக்கு அடியில் தனியாகத் தரை ஜேக். அப்சார்பரின் கீழ்ப்பக்கம், அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யு-போல்ட்டின் நட்டுகள் நான்கு, ஷேக்கல், கடைசியில் முன் கண் போல்ட் என்ற வரிசையில் கழற்றுங்கள். அச்சைத் தொங்கவிடும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்தை முடித்துப் பூட்டிய பிறகே அடுத்த பக்கம்.

பட்டைகளைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொன்றின் முன்முனையிலும் எண் எழுதிக்கொள்ளுங்கள். பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் இரு பக்கமும் கனமான சி-கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகுதான் போல்ட்டைக் கழற்ற வேண்டும். கிளாம்ப் இல்லாமல் கழற்றினால் வளைவு வேறுபட்ட பட்டைகள் தெறித்து விரியும், விரல் போய்விடும். கிளாம்ப்பையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

பிரித்ததும் காரணம் கண்ணுக்கே தெரியும். புது ஸ்பிரிங்கில் பெரும்பாலும் இரண்டு குறைகள் இருக்கும். பட்டைகளை அடுக்கிக் கட்டிய பிறகு மேலே பெயிண்ட் அடித்திருப்பார்கள். அது இடுக்கில் இறங்கிப் பசைபோல் ஒட்டியிருக்கும். இன்னொன்று, பட்டையின் முனையை நேராக வெட்டி அப்படியே விட்டிருப்பார்கள். அந்தக் கூர்விளிம்பு மேலிருக்கும் பட்டையின் அடியில் அரைநிலா வடிவத்தில் பளபளவென்று ஒரு பள்ளம் தோண்டியிருக்கும். நகத்தை வைத்துத் தடவினால் நகம் தட்டி நிற்கும். ஸ்பிரிங் ஒவ்வொரு முறை வளையும்போதும் முனை அந்தப் பள்ளத்தில் மாட்டி நின்று, பிறகு விடுபடுகிறது. நாள்பட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பள்ளம் ஆழமாக இருந்தால் அந்தப் பட்டையை மாற்றிவிடுவதே பத்திரம்.

முனையின் மேல்விளிம்பையும் இரு ஓரங்களையும் ஃபிளாப் டிஸ்க்கால் உருட்டி, கடைசி 30, 40 மி.மீ.க்கு லேசான சரிவு கொடுங்கள். தேய்ப்பது எப்போதும் பட்டையின் நீளவாக்கில்தான். குறுக்காக விழும் ஒரு கீறல்கூட விரிசலுக்கு வழி. நீலம் பாயும் அளவுக்குச் சூடாக்கக் கூடாது. வெல்டிங்கை ஸ்பிரிங் பக்கமே கொண்டு போகக் கூடாது. பெயிண்ட்டையும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, சென்டர் போல்ட் துளையைச் சுற்றி வெளிச்சம் அடித்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இப்போது கிரீஸ். மாலிப்டினம் அல்லது கிராஃபைட் கலந்த கிரீஸை மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். நம் ஊர் மழைக்கு அது ஓர் ஆண்டு தாங்கினாலே பெரிது. மணலும் சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடும். அதனால் ஒவ்வொரு பட்டை முனைக்கும் அடுத்த பட்டைக்கும் இடையே 2 மி.மீ. கனமான நைலான் அல்லது பாலிஎத்திலின் துண்டு வைப்பது நிரந்தரமான வழி. பட்டையின் அகலத்துக்கு வெட்டி, நடுவில் சிறு குமிழ் விட்டு, பட்டையில் ஆழமில்லாத குழி இருந்தால் அதில் உட்கார வைக்கலாம். குழி இல்லாவிட்டால் துளை போட ஆசைப்படாதீர்கள். முனையைச் சுற்றி மடிந்து நிற்கும் தொப்பி மாதிரித் துண்டுகளை வாங்கிப் போடுங்கள். இரும்பின்மேல் இரும்பு உராய்வது போய், பிளாஸ்டிக்கின்மேல் இரும்பு சறுக்கத் தொடங்கியதும் அதே டிரம் சோதனையில் 10 மி.மீ. வித்தியாசம் 3, 4க்கு வந்துவிடும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகளையும் பாருங்கள். அவை பக்கவாட்டில் நகராமல் காக்கத்தான். சுத்தியலால் அடித்து இறுக்கியிருந்தால், ஒரு தாள் நுழையும் அளவுக்காவது திறந்துவிடுங்கள்.

மறுபடி கட்டும்போது முதலில் நீளமான திருகுக் கம்பியைத் துளையில் விட்டு, கிளாம்ப்பால் நெருக்கி, பிறகு 8.8 தரச் சென்டர் போல்ட்டைப் போடுங்கள். அதன் தலை அச்சின் இருக்கைத் துளையில் சரியாக உட்கார வேண்டும். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே எம்ஜிபி போன்ற கார்களில் ரப்பர் தட்டு உண்டு. பழையது நைந்துவிட்டது என்று அதைப் போடாமலே பூட்டிவிடுவது நடக்கிறது. அது இல்லாவிட்டால் டிஃபரன்ஷியல் சத்தம் முழுவதும் உள்ளே வரும். யு-போல்ட் எப்போதும் புதிது. குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

இனி கனமான பட்டை. பெயிண்ட்டைச் சுரண்டி வெர்னியரால் அளந்து பழையதோடு ஒப்பிடுங்கள். விறைப்பு கனத்தின் முப்படியில் ஏறுகிறது. 6 மி.மீ. இருந்த இடத்தில் 7 மி.மீ. வந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விறைப்பு 59 விழுக்காடு கூடிவிடும். ஆங்கிலேயக் கார்களில் அங்குலத்தில் 7/32 இருந்த பட்டைக்குப் பதில் 1/4 போட்டால்கூட ஏறக்குறைய பாதி கூடும். பட்டறையில் பிக்அப் வண்டிக்கு வாங்கி வைத்த பட்டை கையிருப்பில் இருக்கும், அதை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். கொடுக்கும் போர்மேனுக்கு அது உறுதியான வேலையாகத் தெரிகிறது. சவாரி போச்சு.

ஐந்து பட்டையில் ஒன்றை உருவினால் விறைப்பு 20 விழுக்காடு குறையும். ஆனால் மீதி நான்கும் அதே சுமையைத் தாங்க வேண்டும். தீபாவளிக்கு ஐந்து பேரும் பூட் நிறையப் பலகாரமுமாக ஈப்போவுக்குப் போகும் காரில் அது விளையாட்டல்ல. நடுப்பகுதி மெலிவதால் வேகமெடுக்கும்போது அச்சு முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் எஸ் வடிவத்தில் நெளியும். கிளட்சை விட்டதும் பின்சக்கரம் தத்தும். உருவித்தான் ஆக வேண்டும் என்றால், கண் உள்ள முதல் பட்டையையும் அதற்குத் துணை நிற்கும் இரண்டாவதையும் தொடாமல், கீழே உள்ள குட்டைகளில் ஒன்றை எடுங்கள்.

இதைவிட நல்ல வழி, பட்டறையில் சொல்லி மெல்லிய பட்டைகளாகக் கட்டச் சொல்வது. 7 மி.மீ.யில் ஐந்துக்குப் பதில் 6 மி.மீ.யில் ஏழு. முப்படிக் கணக்கில் விறைப்பு 12 விழுக்காடு குறைகிறது. சுமையால் எஃகில் ஏறும் தகைவோ கனத்தின் இருபடிக் கணக்கு. அது கொஞ்சம் குறையவே செய்கிறது. மெத்தென்றும் ஆகும், பலமும் குறையாது. ஆறு பட்டை போட்டால் இன்னும் இளகும், ஆனால் தாங்கும் அளவு 12 விழுக்காடு இறங்கும். பட்டை கூடினால் உராய்வும் கூடும் என்பதால் பிளாஸ்டிக் துண்டு இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். செகாம்புட் பக்கம் பட்டறைக்குப் போனால் கையில் ஒரு தாளில் கனம், அகலம், ஒவ்வொரு பட்டையின் நீளம், தேவையான வளைவு உயரம் எல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். "மெத்துன்னு வேணும்ண்ணே" என்று மட்டும் சொன்னால், பாவம், அவர் என்ன செய்வார்?

அப்சார்பரைப் பற்றிப் பேச்சை அதிகம் நீட்ட வேண்டாம், இரண்டே செய்தி. உயர் அழுத்த காஸ் அப்சார்பர் தானே ஒரு ஸ்பிரிங்போலத் தள்ளும்: 20 பார் அழுத்தமும் 14 மி.மீ. தண்டும் என்றால் ஏறத்தாழ 30 கிலோ. சாய்ந்து நிற்பதைக் கழித்தாலும் கார் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரும். மெல்லிய பழைய பாடிக்குச் சாதாரண எண்ணெய் அப்சார்பரோ குறைந்த அழுத்த காஸோ போதும். மோரிஸ் மைனர், எம்ஜிபியின் நெம்புகோல் வகைக்குள் என்ஜின் ஆயிலோ பிரேக் ஃபுளூயிடோ ஊற்றக் கூடாது. பைக் ஃபோர்க்குக்கு வரும் 20 வெயிட் எண்ணெய் பொருந்தும், மூடிக்குக் கீழே கொஞ்சம் காற்றிடம் விட வேண்டும்.

இடிக்கிறதா என்று அறிய பம்ப் ஸ்டாப் ரப்பரில் சாக்பீஸைக் கெட்டியாகத் தேய்த்துவிட்டு, ஆட்களோடு பத்துகேவ்ஸிலிருந்து சுங்கை துவா வழியாக உலு யாம் வரை ஒரு முறை போய் வாருங்கள். அச்சில் வெள்ளைத் தடம் விழுந்திருந்தால் இடம் போதவில்லை. அங்கே ஸ்பிரிங்கை இன்னும் இளக்கினால் இடி அதிகமாகும்.

டயரையும் விட்டுவிடக் கூடாது. 155/80ஆர்13 டயரின் பக்கச்சுவர் 124 மி.மீ.; அழகுக்காக 175/60ஆர்13 போட்டால் 105. அந்த 19 மி.மீ. ரப்பரும் காற்றும் ஸ்பிரிங்குக்கு முன்னால் நின்ற மெத்தை. காற்று அடிக்கும் இடத்தில் புதுக் கார்களுக்குப் பழகிய 33, 35 பிஎஸ்ஐயை வைத்துவிடுகிறோம். பல பழைய கார்களின் மானுவல் பின்சக்கரத்துக்குச் சொல்வது 24 முதல் 28 வரைதான். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து வையுங்கள்.

எவ்வளவு இளக்கினால் போதும்? முன்பக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை செய்த பொறியாளர் மோரிஸ் ஓலி, முன் ஸ்பிரிங் பின்னதைவிட இளக்கமாக இருந்தால் கார் முன்னும் பின்னும் ஊசலாடாமல் சமமாக மிதக்கும் என்று காட்டினார். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். அப்சார்பரைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தை அழுத்தி ஆடவைத்து, கைபேசியில் படம் பிடித்து, நொடிக்கு எத்தனை ஆட்டம் என்று எண்ணுங்கள். பிறகு முன்பக்கமும் அப்படியே. பின் வேகம் முன்னதைவிட 10 முதல் 15 விழுக்காடு கூடுதலாக இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நொடிக்கு ஒன்றரை ஆட்டம் நல்ல சவாரி. இரண்டை நெருங்கினால் பின்சீட் உதைக்கும். முன்பக்கத்தைவிட மெதுவாகிவிட்டால் காராக் நெடுஞ்சாலையில் பாலத்து இணைப்புகளைத் தாண்டும்போது படகுபோலத் தலையாட்டும், குழந்தைகளுக்கு வாந்தி வரும்.

வேலை முடிந்து 500 கிலோமீட்டரில் யு-போல்ட்டை மறுபடி டார்க் ரெஞ்ச்சால் பாருங்கள். பெயிண்ட் நசுங்கி, பிளாஸ்டிக் துண்டுகள் படிந்து, கால் சுற்றாவது எடுக்கும். தளர்ந்த யு-போல்ட்டில் சென்டர் போல்ட் அறுந்தால் அச்சே நகர்ந்துவிடும். அன்றைக்கே இரண்டு பக்க உயரத்தையும் அளந்து, தேதியோடு பூட் மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.